பால் மெலன் அப்பா சொத்தில் வாழ்ந்தவர்தானே, குதிரைப் பந்தயக்காரர்கள் ஏன் அவரை இவ்வளவு மதிக்கிறார்கள்?

சொத்து அப்பாவுடையதுதான். பிட்ஸ்பர்க் வங்கியாளரும் அமெரிக்க நிதிச் செயலாளருமான ஆண்ட்ரூ மெலனின் மகன் பால் (1907–1999). வங்கித் தொழிலில் மனம் ஒட்டவில்லை. கேம்பிரிட்ஜில் படிக்கும்போது பக்கத்து ஊரான நியூமார்க்கெட்டின் பந்தயங்கள்தான் பிடித்துப்போயின.

காசைக் கொட்டி ஜெயிக்கிற குதிரையை வாங்குபவர்களை அந்த உலகம் பெரிதாக மதிக்காது. மெலனின் பெயர் பெற்ற குதிரைகள் பெரும்பாலும் வர்ஜீனியாவில் உள்ள அவரது ரோக்பி பண்ணையில் பிறந்தவை. எது எங்கே ஓட வேண்டும் என்பதிலும் கணக்கு இருந்தது. 1968-இல் பிறந்த மில் ரீஃப் என்ற குதிரையின் ஓட்டம் அமெரிக்க மண் தடத்தைவிடப் புல்தரைக்குப் பொருந்தும் என்று கணித்து, இங்கிலாந்தில் கிங்ஸ்கிளேரில் இருந்த இயன் பால்டிங்கிடம் பயிற்சிக்கு அனுப்பினார். உருவத்தில் சிறிய குதிரை அது. 14 பந்தயங்களில் 12 வெற்றி, மற்ற இரண்டிலும் இரண்டாம் இடம். 1971-இல் மட்டும் இங்கிலாந்தின் பெரிய பந்தயங்களான எப்சம் டெர்பி, எக்லிப்ஸ், கிங் ஜார்ஜ், அவற்றோடு பாரிஸில் நடக்கும் ஆர்க் என நான்கையும் ஜெயித்தது.

ஆனால் மதிப்பு உறுதியானது 1972 ஆகஸ்டில். பயிற்சி ஓட்டத்தின்போது மில் ரீஃபின் இடது முன்னங்கால் முறிந்தது. கால் முறிந்த பந்தயக் குதிரையைப் பெரும்பாலும் அங்கேயே கொன்றுவிடுவார்கள். ஈவிரக்கமில்லாமல் அல்ல. சுமார் 500 கிலோ உடம்பில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. முழங்காலுக்குக் கீழே சதை கிடையாது, எலும்பும் தசைநாணும் தோலும்தான்; ரத்த ஓட்டம் குறைவு என்பதால் எலும்பு மெல்லத்தான் கூடும். மாதக்கணக்கில் படுக்கவைக்கவும் முடியாது, நுரையீரலும் குடலும் கெட்டுவிடும். நிற்கவைத்தால் பாரமெல்லாம் நல்ல காலுக்குப் போய், குளம்புக்குள் எலும்பைப் பிடித்திருக்கும் திசுக்கள் அழன்று பிய்ந்துபோகும். உடைந்த கால் கூடிவர, நல்ல கால் உயிரை வாங்குவது இப்படித்தான். இதெல்லாம் போக, மயக்கம் தெளிந்து எழும்போது மிரண்டு உதைத்தால் செய்த அறுவை சிகிச்சையெல்லாம் வீண்.

மில் ரீஃபுக்கு எஃகுத் தகடும் திருகுகளும் பொருத்தி மாவுக்கட்டுப் போட்டார்கள். அதன் சாதுவான குணம் பாதி வைத்தியம் செய்தது. கட்டோடு அமைதியாக நின்றது. பிழைத்த குதிரையை மெலன் அமெரிக்காவுக்குத் திருப்பி அழைக்கவில்லை. நியூமார்க்கெட்டில் உள்ள பிரிட்டனின் தேசியக் குதிரைப் பண்ணையிலேயே பொலிகுதிரையாக விட்டார். 1971-இல் அது ஜெயித்த டெர்பியை 1978-இல் மகன் ஷர்லி ஹைட்ஸும், 1985-இல் பேரன் ஸ்லிப் ஆங்கரும் ஜெயித்தார்கள். ஏழேழு வருட இடைவெளி தற்செயல்தான், ஆனாலும் பந்தயக்காரர்கள் சொல்லிச் சொல்லி மகிழும் கணக்கு.

கொடையிலும் இதே மனுஷன்தான். வாஷிங்டனில் தான் நிறுவிய தேசிய ஓவியக் கூடத்துக்குத் தன் பெயர் வேண்டாம் என்றார் அப்பா. பெயர் வைத்தால் மற்ற சேகரிப்பாளர்கள் ஓவியம் தரமாட்டார்கள் என்ற வியாபார மூளை. 1937-இல் அவர் இறந்துவிட, 1941-இல் அதை நாட்டிடம் ஒப்படைத்தவர் பால். தான் சேர்த்த பிரிட்டிஷ் ஓவியங்களை யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, அவற்றுக்காக லூயி கான் வடிவமைத்த கட்டடத்தையும் கட்டித் தந்தார். 1977-இல் திறந்த அந்த மையத்தின் பெயரிலும் மெலன் இல்லை.

அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பி கைக்கு வந்தது 1993-இல், சீ ஹீரோ என்ற குதிரை மூலம். அப்போது அவருக்கு வயது 85. எப்சம் டெர்பி, ஆர்க், கென்டக்கி டெர்பி மூன்றையும் ஜெயித்த முதல் உரிமையாளர் அவர்தான். அந்த ஆண்டு கென்டக்கி டெர்பி உட்பட அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களில் அதிகப் புள்ளி எடுத்ததற்காக சீ ஹீரோவுக்குத் தனியாக 10 லட்சம் டாலர் கிடைத்தது. அதைக் குதிரைகளின் நோய்களையும் காயங்களையும் ஆராயும் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்.