மேற்கத்திய செவ்வியல் இசையில் மேடைப் பியானோ கலைஞராக வாழ்வது நிஜத்தில் எப்படி இருக்கும்? மகளை இந்த வழியில் விடலாமா?

நான் பியானோ கலைஞன் இல்லை, பக்கம் புரட்டுகிறவன். வாசிப்பவருக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்து, அவர் தலையசைத்ததும் எழுந்து நோட்டேஷன் புத்தகத்தைத் திருப்பிவிட்டு உட்காருவாரே, அந்த ஆள். பதினோரு வருடம் அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

வயலின்காரர் வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். பியானோக்காரர் வெறுங்கையோடுதான் வருவார். மேடைப் பியானோ ஏறக்குறைய ஒன்பதடி நீளம், அரை டன் கனம். ஹொரோவிட்ஸ் போன்ற ஒரு சிலர் சொந்தப் பியானோவையே ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மற்றவர்களுக்குக் கட்டுப்படியாகுமா? அரங்கில் எது நிற்கிறதோ அதோடு ஒரு மத்தியானத்துக்குள் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

வாசிக்க வந்த ஒரு அம்மா மேல் ஸ்தாயியில் ஒரே கட்டையை இருபது முப்பது தடவை தட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அழுத்திய கட்டை திரும்பி மேலே வர ஒரு துளி தாமதமாகிறதாம். அன்றைய உருப்படியில் அந்த ஸ்வரம் படபடவென்று அடுத்தடுத்து வருகிறது. பியானோவைச் சுருதி சேர்த்துப் பழுது பார்க்கும் டியூனர் வந்து, மேஜை டிராயரை இழுப்பதுபோல் கட்டை வரிசை முழுவதையும் வெளியே இழுத்துச் சரிசெய்தார். அந்த அரைமணி நேரமும் அந்த அம்மா நடைபாதையில் நின்றபடி ஒரு வாழைப்பழத்தைச் சாப்பிட்டுக்கொண்டு, இன்னொரு கையால் சுவரில் வாசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது மனப்பாடம். தனிக் கச்சேரியில் எனக்குப் பெரும்பாலும் வேலையே இருக்காது, புத்தகம் இல்லாமல்தான் வாசிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் லிஸ்ட், கிளாரா ஷூமன் என்ற பியானோ மேதைகள் பரப்பிய பழக்கம் இது. மரியா ஜுவாவ் பிரெஸ் என்ற பியானோ கலைஞர் ஒருமுறை ஆம்ஸ்டர்டாமில், மொஸார்ட் எழுதிய ஒரு கான்செர்ட்டோவுக்கு, அதாவது ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் உருப்படிக்கு, தயாராகி வந்து உட்கார்ந்தால், ஆர்கெஸ்ட்ரா மொஸார்ட்டின் வேறொரு கான்செர்ட்டோவை ஆரம்பித்துவிட்டது. முகம் வெளிறிப்போனது, ஆனால் நினைவிலிருந்தே வாசித்து முடித்தார். அந்த வீடியோவைப் பார்த்தால் வயிறு கலங்கும். ரிக்டர் மாதிரி மகா கலைஞரே கடைசிக் காலத்தில் அரங்கை இருட்டாக்கி, ஒரு சின்ன விளக்கொளியில் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். என்னைக் கேட்டால் அதுதான் நியாயம்.

கை விஷயம் இன்னும் பயங்கரம். லியோன் ஃபிளைஷர் என்ற அமெரிக்கப் பியானோ கலைஞருக்கு 1960களில், புகழின் உச்சியில் இருந்தபோது, வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் தாமாக மடங்கிக்கொண்டன. சுமார் முப்பது வருடம் இடக்கைக்கென்றே எழுதப்பட்டவற்றை வாசித்தார், பாடம் சொல்லிக்கொடுத்தார், ஆர்கெஸ்ட்ரா நடத்தினார். பிறகு போடாக்ஸ் ஊசியின் உதவியோடு இரண்டு கையாலும் வாசிக்கத் திரும்பினார். இடக்கைக்கு மட்டும் எப்படி இசை இருந்தது என்றால், முதல் உலகப்போரில் வலக்கையை இழந்த பால் விட்கென்ஸ்டைன் என்ற பியானோ கலைஞர், ராவெல் போன்ற இசையமைப்பாளர்களிடம் கேட்டு எழுதி வாங்கியிருந்தார்.

போட்டி, பரிசு என்று ஒரு பக்கம் இருக்கிறது. வார்சாவில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் ஷோபான் பியானோ போட்டியில் ஜெயித்தால் கதவுகள் திறக்கும். 1960இல், 18 வயதில் அதை ஜெயித்த பொல்லீனி உடனே ஊர்சுற்றக் கிளம்பாமல் மேலும் படிக்கப் போனார். கிளென் கூல்ட் 1964இல், 31 வயதிலேயே மேடைக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஒலிப்பதிவோடு நின்றுகொண்டார். இதெல்லாம் உச்சாணிக் கொம்பு. நான் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சோறு போட்டது பாடம் சொல்லிக்கொடுப்பதும் பக்கவாத்தியமும்தான்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். கைதட்டல் பிடித்திருக்கிறதா என்று பார்க்காதீர்கள், அது எல்லோருக்கும் பிடிக்கும். பூட்டிய அறையில் நாலு வரியை இரண்டு மணி நேரம் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு வெளியே வரும்போது அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

என் மானம் போன கதை ஒன்று. செல்லோ (பெரிய வயலின் மாதிரியான வாத்தியம்) வாசிப்பவரோடு சேர்ந்து ஒரு பெரியவர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். வியர்த்த விரலில் ஒட்டி, இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். திருப்பவும் கை வரவில்லை, சிலையாக நின்றுவிட்டேன். அவர் எதுவுமே நடக்காத மாதிரி வாசித்துக்கொண்டே போய், திறந்திருந்த பக்கத்தை வந்து பிடித்துக்கொண்டார். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய், "மன்னிச்சிடுங்க சார்" என்றேன். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி சொன்னார்: "நல்லவேளை தம்பி, நீ தாண்டினது எனக்குத் தெரிஞ்ச பக்கம்."