வாசகர் கேள்வி: அயல்வீட்டுப் பொடியனும் நாடகக் குடும்பமும்

கேள்வி: எங்கள் சனசமூக நிலைய ஆண்டுவிழாவுக்கு ஒரு குடும்ப நகைச்சுவை நாடகம் எழுதினேன். லாண்ட்மாஸ்ரரை இரவல் கேட்டு ஒரே ஒரு காட்சியில் வந்துபோகும் அயல்வீட்டுப் பொடியனுக்குத்தான் சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாம் பாகத்தை அவனை வைத்தே எழுதும்படி எல்லோரும் கேட்கிறார்கள். எழுதலாமா? பிரதியையும் இணைத்துள்ளேன்.
– வாசகி, மல்லாவி

பதில்: தாராளமாக எழுதுங்கள். ஆனால், வீட்டை அவனிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 1989 முதல் 1998 வரை ஒளிபரப்பான ‘ஃபேமிலி மேட்டர்ஸ்’ தொடருக்கு நேர்ந்தது உங்களுக்குப் பயன்படும். சிக்காகோவில் வாழும் கார்ல் வின்ஸ்லோ என்ற பொலிஸ்காரரின் குடும்பக் கதையாகத் தொடங்கிய அத்தொடரில், முதற் பருவத்தின் நடுவே, பெரிய மூக்குக்கண்ணாடியும் நெஞ்சுவரை ஏற்றிய காற்சட்டையுமாக ஸ்டீவ் அர்க்கல் என்ற அயல்வீட்டுச் சிறுவன் ஒரேயொரு தடவை வந்துபோவதாகவே திட்டமிட்டிருந்தார்கள். ஜலீல் வைட்டின் நடிப்புக்குக் கிடைத்த வரவேற்பு அவனை நிரந்தரமாக்கியது. தொடர் ஒன்பது பருவங்கள் நீடித்ததில் அவனுடைய பங்கு மிகப் பெரியது.

அதற்குக் கொடுத்த விலையும் சிறிதல்ல. மகளின் படிப்பு, தகப்பனின் வேலைக் கவலை என்றிருந்த கதைகள் வரவர அவனுடைய விசித்திரக் கண்டுபிடிப்புகளின் பின்னால் ஓடின. ஆளையே வேறொருவனாக மாற்றும் இயந்திரம்கூட வந்தது. வீட்டின் இளைய மகள் ஜூடி, நான்காம் பருவத்துக்குப் பிறகு, அப்படியொரு பிள்ளை இருந்ததாக எவரும் பேசாத அளவுக்கு, காரணம் எதுவும் சொல்லப்படாமலே காணாமற்போனாள். எனக்கு இன்றும் மனம் ஆறாத இடம் அதுதான்.

ஆரம்பத்தில் அர்க்கலைப் பார்த்துச் சிரிப்பு வந்ததற்குப் பாதிக் காரணம், பொறுமையை இழுத்துப் பிடித்தபடி நின்ற கார்லின் முகம். உங்கள் காட்சியிலும் அதுவே நடந்திருக்கிறது. பொடியன் லாண்ட்மாஸ்ரரைக் கேட்டதும் தகப்பன் மறுமொழி சொல்லாமல் சாரத்தை இறுக்கிக் கட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, சனங்கள் சிரித்தது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஆகவே, அவனை ஒவ்வொரு காட்சிக்கும் இழுத்து வராமல், காலபோக விதைப்புக்கு வீடே பரபரப்பாக நிற்கும் காலைவேளையில் மட்டும் வரவிடுங்கள். உங்கள் பிரதியில் அம்மம்மாவுக்கு இரண்டே வரிகள்தான் இருக்கின்றன; இம்முறை அவனுக்கு மறுமொழி சொல்லும் பொறுப்பை அவரிடம் கொடுத்துப் பாருங்கள்.