அம்மம்மாவின் கொப்பியைத் திருத்தலாமா?

கேள்வி: அம்மம்மா மோசம்போன பிறகு அவருடைய றங்குப் பெட்டியைத் திறந்தால், அடியில் மூன்று கொப்பி நிறையக் கவிதைகள். அவர் எழுதுவார் என்றே எங்களுக்குத் தெரியாது. பிழை திருத்தி, தலைப்பு வைத்துப் புத்தகமாகப் போடலாம் என்று மாமா நிற்கிறார். "கச்சான் காத்து" என்றிருந்ததை "தென்மேல் பருவக்காற்று" என்று மாற்றியும் விட்டார். எமிலி டிக்கின்சன் என்ற அமெரிக்கக் கவிஞரின் கவிதைகளும் இப்படித்தான் பெட்டிக்குள் கிடந்தனவாமே?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: ஓம், அதே கதைதான். எமிலி 1830இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊரில் பிறந்தவர், கலியாணம் கட்டவில்லை, பிற்காலத்தில் வீட்டைவிட்டு வெளியே போவதையே நிறுத்திவிட்டார். 1886இல் அவர் இறந்த பிறகு, தாளை மடித்து நூலால் தைத்த சின்னச் சின்னக் கட்டுகளைத் தங்கை லவீனியா கண்டெடுத்தார். மொத்தம் கிட்டத்தட்ட 1800 கவிதைகள்! உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தது பத்தோ என்னவோ, அதுவும் பெயரில்லாமல்.

ஆனால் மாமாவுக்கு நீங்கள் சொல்லவேண்டியது 1866இல் நடந்த கதை. புல்லுக்குள் ஊரும் பாம்பைப் பற்றிய எமிலியின் கவிதை ஒன்றை ஸ்பிரிங்ஃபீல்ட் பத்திரிகை போட்டது. அவர் வைக்காத தலைப்பை வைத்து, மூன்றாம் அடியின் முடிவில் ஒரு நிறுத்தக்குறியும் போட்டது. மூன்றாவதும் நாலாவதும் ஒரே மூச்சில் போகவேண்டிய அடிகள். கவிதையைத் தன்னிடமிருந்து களவெடுத்துவிட்டார்கள், குறி போட்டு அடியையும் கெடுத்துவிட்டார்கள் என்று ஹிக்கின்சன் என்ற எழுத்தாளருக்கு அவர் கடிதம் எழுதினார். அந்த ஹிக்கின்சனே மேபல் டாட் என்பவரோடு சேர்ந்து 1890இல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தபோது தலைப்பு வைத்தார்கள், எதுகையைச் சரிக்கட்டினார்கள், சொற்களுக்கு நடுவே எமிலி இழுத்திருந்த சின்னக் கோடுகளை எடுத்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள், புத்தகமும் நன்றாக விற்றது. ஆனாலும் எல்லாக் கவிதைகளும் அவர் எழுதினபடியே ஒன்றாக வர 1955 ஆகிவிட்டது.

இன்னொன்று. அவருடைய கையெழுத்தில் சில சொற்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கூட்டல் அடையாளம் இருக்கும், தாளின் அடியில் அதற்குப் பதிலாக வரக்கூடிய வேறு சொற்கள் இருக்கும், எது என்று முடிவு கட்டாமலே விட்டிருப்பார். அதனால் அம்மம்மா வெட்டி எழுதிய இடங்களையும் கவனமாகப் பாருங்கள்.

புத்தகம் கட்டாயம் போடுங்கள். அதற்கு முதல் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். "கச்சான் காத்து" அப்படியே இருக்கட்டும், விளங்காதவர்களுக்குக் கீழே ஒரு வரி போட்டால் சரி. ஆடி மாதம் கச்சான் அடிக்கும்போது முகத்தில் படுகிற சூடு "பருவக்காற்று" என்ற சொல்லில் எங்கே இருக்கிறது? மாமா கொப்பியிலேயே மாற்றிவிட்டார் என்றால், எந்தெந்த இடத்தில், எந்தப் பேனையால் என்று இன்றைக்கே கேட்டுத் தனித்தாளில் எழுதி வையுங்கள்.