அழகுக் கேள்வி–பதில்: காய்ந்த சுருட்டை முடிக்குச் சீப்பு எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட வாசகிகள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்.

கே: என் முடி அலை அலையாக இருக்கும். ஈரத்தில் சுருள் அழகாக விழுகிறது; காய்ந்து சீவியதும் பறட்டையாகிவிடுகிறது. தேங்காய் எண்ணெய் தடவியும் அடங்கவில்லை.

ப: சீவுவதுதான் காரணம். ஈரத்தில் பக்கத்துப் பக்கத்து முடிகள் ஒன்றுசேர்ந்து ஒரே வளைவில் சுருளும். காய்ந்த பின் சீப்பு அந்தக் கொத்தைப் பிரித்துவிடுகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். பிரிந்து நிற்கும் முடி அதை உறிஞ்சி இன்னும் உப்பும். எண்ணெய் பளபளப்பு தரும், சுருளைப் பிடித்து வைக்காது. அதற்கு ஜெல் வேண்டும்.

ஷாம்பூவை உச்சந்தலையில் மட்டும் தேயுங்கள். வடியும் நுரையே நுனிக்குப் போதும். அடுத்து கண்டிஷனர், தோள்வரை முடிக்கு இரண்டு மேசைக்கரண்டி, காதுக்குக் கீழிருந்து நுனிவரை. அது தலையில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். அதோடு சீப்புக்கு வேலை முடிந்தது. அலசியதும், தண்ணீர் சொட்டச் சொட்ட, ஐம்பது காசு நாணய அளவு ஜெல்லை இரு கைகளிலும் பரப்பி, தலையைக் குனிந்து, முடியை உள்ளங்கையில் ஏந்தி வேர்ப்பக்கமாகக் கசக்குங்கள். சளக் சளக்கென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் தண்ணீர் போதவில்லை. துவாலையால் தேய்க்காமல் பழைய பருத்தி டீ-சட்டையால் ஒற்றுங்கள். முழுதும் காயும்வரை கை வைக்காதீர்கள். காய்ந்ததும் முடி அப்பளம் போல மொறமொறவென்று நிற்கும். பலர் இந்த இடத்தில்தான் ஜெல்லைத் திட்டிவிட்டுக் கைவிடுகிறார்கள்! மூன்று சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துக் கசக்கினால் விறைப்பு போய்ச் சுருள் மட்டும் தங்கும்.

ஜெல் வாங்கும்போது புட்டியின் பின்பக்கம் பாருங்கள். கிளிசரின் முதல் நாலைந்து பெயர்களுக்குள் இருந்தால், ஈரக் காற்றில் முடியை உப்ப வைக்கலாம்.

கே: கடை ஜெல் கட்டுப்படியாகவில்லை. வீட்டில் செய்யலாமா?

ப: ஆளி விதை கால் கப், தண்ணீர் இரண்டு கப். நடுத்தரத் தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஏழெட்டு நிமிடத்தில், கரண்டியிலிருந்து நூலாக இறங்கும்போது அணைத்து, சூட்டோடு வடிகட்டுங்கள். ஆறவிட்டால் வடியவே வடியாது. ஐஸ் பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். வாடை மாறினால் கொட்டிவிடுங்கள்.

கே: காலை 6 மணிக்கு மோட்டாரில் ஃபேக்டரிக்குப் போகிறேன். ஹெல்மெட்டைக் கழற்றினால் உச்சி சப்பை, கழுத்தோரம் சிக்கு.

ப: ஈரத் தலையில் ஹெல்மெட் போடாதீர்கள். அழுந்திய வடிவத்திலேயே முடி காயும். தலைக்குக் குளிப்பதை மாலைக்கு மாற்றுங்கள். கிளம்பும்போது தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டு, அதைச் சட்டைக்குள் விடுங்கள். காற்றில் பறந்தால்தானே சிக்கு விழும். இறங்கியதும் விரலை நனைத்து உச்சியில் வேர்களைத் தூக்கிவிட்டால் போதும்.

கே: மகளுக்கு எட்டு வயது. பள்ளிக்குப் பின்னல் போடுவதற்குள் தினமும் அழுகை.

ப: தெளிப்பு புட்டியில் ஒரு கப் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி கண்டிஷனர் கலந்து தெளியுங்கள். நான்கு பாகமாகப் பிரித்து, சிக்குக்கு மேலே முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து அவிழுங்கள். இழுப்பு உங்கள் கையோடு நிற்கும், பிள்ளையின் தலைக்குப் போகாது. நெற்றித் தோல் இழுபடும் அளவுக்குப் பின்னலை இறுக்கவும் வேண்டாம். வருடக்கணக்கில் இறுக்கினால் நெற்றியோர முடி திரும்ப முளைக்காமலே போகலாம்.

கே: தீபாவளிக்கு ரீபாண்டிங் செய்துகொள்ளலாமா, அம்மா வேண்டாம் என்கிறார்.

ப: அம்மா பக்கம்தான் நாங்களும். ரீபாண்டிங் மருந்து முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து நேராக்குகிறது. செய்த பகுதி வெட்டும்வரை பழைய சுருளுக்குத் திரும்பாது. வேரிலிருந்து மாதம் சுமார் 1 செ.மீ. சுருட்டையாகவே வளரும். இரண்டும் சேரும் இடத்தில்தான் அதிகம் முறியும். ப்ளீச் செய்த முடி என்றால், சலூனில் சரி என்று சொன்னாலும் செய்யாதீர்கள்.