மகனுக்கு அல்கலைன் பாஸ்படேஸ் 340: கல்லீரல் கோளாறா?

கேள்வி: என் மகனுக்கு வயது 14. காய்ச்சலுக்காக இரத்தப் பரிசோதனை செய்தபோது, அல்கலைன் பாஸ்படேஸ் 340 என்றும் இயல்பு அளவு 40 முதல் 130 வரை என்றும் ரிப்போர்ட்டில் இருந்தது. பிலிருபின் உள்ளிட்ட மற்ற கல்லீரல் அளவுகள் சரியாக உள்ளன. காய்ச்சல் விட்டுவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறான், விளையாடுகிறான். ஆனால் உறவினர்கள் இது மஞ்சள் காமாலையின் தொடக்கம் என்று கூறி, கீழாநெல்லி கொடுக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தங்கள் மகனின் 340 அவனுடைய வயதுக்கு இயல்பான அளவே. ரிப்போர்ட்டில் அச்சாகியிருப்பது பெரியவர்களுக்குரிய வரம்பு; வயதைப் பாராமல் அதையே எல்லோருக்கும் அச்சிடும் லேப்கள் பெற்றோரை வீணாகக் கலங்க வைக்கின்றன.

அல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதி, கல்லீரலில் பித்தநாளங்களை ஒட்டிய செல்களிலும் எலும்பை உருவாக்கும் செல்களிலும் மிகுதியாக இருக்கிறது. குடலிலும், கர்ப்பிணிகளின் நஞ்சுக்கொடியிலும்கூட உண்டு. இரத்தத்தில் அளக்கப்படுவது இவை அனைத்தின் கூட்டுத்தொகை என்பதால், அது எந்த உறுப்பிலிருந்து வந்தது என்பதை அந்த எண்ணைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது. கல்லீரல் பரிசோதனைகளின் வரிசையில் அச்சாவதாலேயே பழி முழுவதும் கல்லீரலின் மேல் விழுகிறது. உயரம் வேகமாகக் கூடும் பருவத்தில் எலும்பு செல்கள் மும்முரமாக இயங்குவதால், பெரியவர்களின் அளவைப் போல மூன்று மடங்கு வரை இது உயர்வது வழக்கம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலும் நோய் ஏதுமின்றியே உயரும்.

இதே 340 ஐம்பது வயதுக்காரருக்கு வந்திருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும். அப்போது ஜி.ஜி.டி. என்ற மற்றொரு நொதியையும் அளந்து பார்ப்பார்கள். எலும்பில் பிரச்சினை என்றால் ஜி.ஜி.டி. உயராது, ஆகவே இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால் கல்லீரலையோ பித்தநாளத்தையோ சந்தேகித்து, கல் போன்ற அடைப்பு உள்ளதா என ஸ்கேன் எடுப்பார்கள். ஜி.ஜி.டி. இயல்பாக இருந்து இது மட்டும் உயர்ந்திருந்தால், வைட்டமின் டி குறைபாட்டால் எலும்பு மென்மையாதல், ஆறிவரும் எலும்பு முறிவு, பாராதைராய்டு சுரப்பியின் மிகைச் செயல்பாடு, எலும்புக்குப் பரவிய புற்றுநோய் ஆகியவற்றை மருத்துவர் எண்ணிப் பார்ப்பார். வலிப்புக்குத் தரப்படும் பெனிடாயின் போன்ற மருந்துகளும் இதை உயர்த்தலாம் என்பதால், உட்கொள்ளும் மருந்துகளைச் சொல்லிவிட வேண்டும். வயதானவர்களிடம் பரவலாகக் காணும் எலும்புத் தேய்மானத்தில் இந்த அளவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்; எனவே இது சரியாக இருப்பதை வைத்து எலும்பு உறுதியாக உள்ளது என்று கொள்ள இயலாது.

தங்கள் மகனுக்குக் கீழாநெல்லியோ வேறு கல்லீரல் மருந்தோ தேவையில்லை. கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், மலம் வெளிறுதல், உடல் அரிப்பு, ஓயாத எலும்பு வலி, கால்கள் வளைதல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் மட்டும், இந்த ரிப்போர்ட்டுடன் குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள்.