தேங்காய் எண்ணெய் வேண்டாம்!

கேள்வி: என் மடக்கு சைக்கிளில் பின் சக்கர நடுவிலுள்ள ஹப்புக்குள்ளேயே 3 கியர். தக்கலை ஏற்றத்தில் மிதிக்கும்போது பெடல் சட்டென்று வெறுமனே சுற்றுகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: வேண்டவே வேண்டாம், பிசினாகிவிடும். நானும் ஒருமுறை விட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்!

கோளாறு பெரும்பாலும் கியர் கேபிளில்தான். மடக்கி மடக்கித் தளர்ந்திருக்கும். உங்கள் ஹப் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் ஏ.டபிள்யூ. வகை என்றால், 2-வது கியரில் வைத்து, பெடலைச் சற்று முன்னும் பின்னும் அசைத்துவிட்டு, வலப்பக்க நட்டிலுள்ள துளை வழியே பாருங்கள். கேபிளை இணைக்கும் சிறு சங்கிலியோடு சேர்ந்த கம்பியின் தோள் (கம்பி முடிந்து சங்கிலி தொடங்கும் விளிம்பு), அச்சு முனையோடு சமமாக நிற்க வேண்டும். இல்லையென்றால் கேபிள் திருகைத் திருப்பிச் சரிசெய்து, பூட்டு நட்டை இறுக்குங்கள்.

ஹப்பில் எண்ணெய்த் துளை இருந்தால் மெல்லிய என்ஜின் ஆயில் சில சொட்டு. துளையே இல்லையா? உள்ளே கிரீஸ்தான், ஹப்பைப் பிரிக்கிற வேலை மெக்கானிக்குக்கு.