கிஸ்ஸியின் பாட்டி நம் சமையலறைக்கு வந்தால்

கேள்வி: என் பத்து வயது மகளுக்காக ரூமர் காடன் எழுதிய ‘தி டிடகோய்’ நாவலை வாங்கினேன். பாதி ஜிப்சியான கிஸ்ஸியைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படுத்துகிற பாட்டைப் படிக்கவே முடியவில்லை. பாட்டியோடு அவள் குடியிருக்கும் அந்த அழுக்கு வண்டியை விட்டு அவளுக்கு ஒரு வீடு கிடைப்பதுதான் ஆறுதல். இதை மகளிடம் இப்போதே கொடுக்கலாமா, இன்னும் இரண்டு வருஷம் போகட்டுமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போதே கொடுங்கள். ஆனால் ‘அழுக்கு வண்டி’ என்று எழுதிவிட்டீர்களே, அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. கிஸ்ஸியைச் சீண்டுகிற பிள்ளைகளின் மனதில் இருப்பதும் இதே எண்ணம்தான்.

இங்கிலாந்தின் ரோமானி, அதாவது ஜிப்சிக் குடும்பங்களில் பாத்திரம் கழுவ ஒரு பேசின், முகமும் உடம்பும் கழுவ இன்னொன்று, துணி துவைக்க வேறொன்று என்று இருக்கும். பெண்களின் துணியை ஆண்களின் துணியோடு ஊறப்போட மாட்டார்கள். பாத்திரம் துடைக்கிற துணி மற்றத் துணிகளோடு ஒரே தண்ணீரில் விழுந்துவிட்டால் பிறகு அதை எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் பயனில்லை, தூக்கி எறியத்தான் வேண்டும். சாப்பாட்டுப் பேசினில் யாராவது தெரியாமல் கை கழுவிவிட்டால் பேசினுக்கும் அதே கதிதான். இப்படித் தீட்டுப்பட்டதை ‘மொகாடி’ என்பார்கள். மானிடவியலாளர் ஜூடித் ஓக்லி 1970களில் இவர்களிடையே தங்கி ஆராய்ந்தபோது கண்ட விஷயம் ஒன்று உண்டு. கடையில் வாங்கும் கேரவனில், அதாவது இழுத்துச் செல்லும் வண்டி வீட்டில், பாத்திரம் கழுவும் தொட்டி பொருத்தியே வரும். பல குடும்பங்கள் முதல் வேலையாக அதைக் கழற்றிவிடும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கழுவுவது அவர்களுக்கு அருவருப்பு. படுக்கையிலிருந்து நாலடி தள்ளிக் கழிப்பறை இருப்பதையும் அவர்களால் சகிக்க முடியாது. அந்த அறை சாமான் போடும் இடமாகிவிடும்.

பூனையும் மொகாடிதான். அது தன் உடம்பை முழுக்க நக்கிவிட்டு அதே நாக்கால் தட்டிலிருந்து பாலைக் குடிக்கிறது. நாயும் அப்படியே. குதிரை அப்படிச் செய்யாது, அதனால் அது சுத்தம். முள்ளெலியைப் பாருங்கள்: உடம்பெல்லாம் முள், நக்க வழியே கிடையாது. ஆகவே முள்ளெலி சுத்தம், சுட்டுச் சாப்பிடலாம். சோபாவில் பூனையைப் படுக்க வைத்துக்கொண்டு, கை கழுவிய தொட்டியிலேயே காப்பி டம்ளரையும் கழுவுகிற நம் வீடுகளுக்கு கிஸ்ஸியின் பாட்டி வந்தால் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டாள்!

பிறகு ஏன் ஊரெல்லாம் அவர்களை அழுக்கு என்கிறது? வண்டிக்கு உள்ளே இருப்பது அவர்களுடைய இடம், வெளியே இருப்பது அவர்களுடையதல்ல. உள்ளே கிரவுன் டெர்பி என்ற உயர்ரகப் பீங்கானும் துடைத்துத் துடைத்து மினுங்குகிற பித்தளையும் இருக்கும், குப்பை வெளியே போகும். சாலையில் போகிறவன் கண்ணில் குப்பைதான் படுகிறது. அவனை யாரும் உள்ளே கூப்பிட்டதில்லை, அவனும் வரத் தயாராக இருந்ததில்லை.

சிறுவர் நூல்களுக்குப் படம் போடுகிறவர்களோடு எனக்குள்ள பழைய சண்டை இந்த இடத்தில் வந்துதான் தீரும். ஜிப்சி என்றதும் கண்ணாடி உருண்டை, காதில் வளையம், பின்புறம் கதவு வைத்த ஒரு பெட்டி என்று வரைந்து கொடுத்துவிடுகிறார்கள். ரெடிங் என்ற ஊரில் டன்டன் குடும்பத்தார் கட்டிய வண்டிகளின் வகையை எடுத்துக்கொள்வோம். அதில் வாசல் முன்பக்கம், குதிரையைப் பார்த்தபடி, மேல் கீழ் என இரண்டு பாதிகளாகத் திறக்கும். உயரமான சக்கரங்கள் பெட்டிக்கு வெளியே நிற்கும், பின்சக்கரம் முன்சக்கரத்தை விடப் பெரியது. பக்கச் சுவர்கள் மேலே போகப் போக வெளிப்பக்கம் சாயும். உள்ளே நுழைந்தால் இடது கைப்பக்கம் அடுப்பு. ஏன் இடது என்று கேட்டால், நுழைகிறவர் வண்டியின் பின்பக்கம் பார்த்து நிற்கிறார், அவருடைய இடது கை வண்டிக்கு வலப்பக்கம். இங்கிலாந்தில் சாலையின் இடது ஓரமாகப் போவார்கள். புகைபோக்கி இடப்பக்கம் இருந்தால் ஓரத்து மரக்கிளை அதைத் தட்டித் தள்ளிவிடும். கடைசியில் குறுக்கே கட்டில், அதற்குக் கீழே கதவு வைத்த இடத்தில் பிள்ளைகள் படுப்பார்கள். இத்தனை யோசித்துக் கட்டியதைத்தான் பெட்டி என்று வரைகிறோம்.

கிஸ்ஸியின் வண்டியைப் பாட்டி இறந்ததும் எரித்துவிடுகிறார்கள். நாவலில் என் மனதில் நிற்கிற இடம் இதுதான். காடன் இதைக் கற்பனையாகச் சேர்க்கவில்லை. இறந்தவருடைய வண்டியை எரிப்பதும் பீங்கானை உடைப்பதும் அவர்களிடையே வழக்கம். இறந்தவரின் பொருளை வைத்துக்கொள்வதும் விற்றுக் காசாக்குவதும் தகாது. சடங்கு முறையாக நடக்கிறது, ஒரு குழந்தைக்குத் தலைக்கு மேல் கூரை போகிறது. காடன் இரண்டையும் ஒன்றாகக் காட்டிவிட்டு, சடங்கைக் குற்றம் சொல்லாமல் நகர்கிறார். இந்தத் துணிச்சல் நம் சிறுவர் இலக்கியத்தில் எனக்குக் கிடைப்பதில்லை. இங்கே பாட்டி செத்தால் நட்சத்திரமாகிவிடுகிறாள்.

நாவல் வந்த 1972ஐயும் கவனியுங்கள். 1959இன் நெடுஞ்சாலைச் சட்டம் ஜிப்சி சாலையோரத்தில் தங்குவதையே குற்றமாக்கியிருந்தது. 1968இல் ஒரு சட்டம் வந்து, கவுண்டி (மாவட்டம் போன்றது) நிர்வாகங்கள் அவர்களுக்குத் தங்குமிடம் ஒதுக்க வேண்டும் என்றது. அது நடைமுறைக்கு வந்தது 1970 ஏப்ரலில். பள்ளிக்கூடம் என்று பார்த்தால், ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கிற குடும்பத்துப் பிள்ளை வருஷத்துக்கு 200 அரைநாள் வந்தால் போதும் என்று 1944இன் கல்விச் சட்டம் சலுகை கொடுத்தது. பிள்ளையைக் கண்டாலே முகம் சுளிக்கிற பள்ளிகளுக்கு இந்தச் சலுகை வசதியாகிப் போனது. நாட்டிலேயே மிக மோசமாகப் பின்தங்க விடப்பட்ட பிள்ளைகள் அநேகமாக இவர்கள்தான் என்று 1967இல் ஆரம்பக் கல்வியை ஆராய்ந்த பிளவ்டன் குழு அரசுக்கே எழுதிக் கொடுத்தது. கிஸ்ஸி பள்ளி வாசலில் காலெடுத்து வைப்பது இந்தப் பின்னணியில்தான்.

எனக்கு நாவலோடு ஒரு வழக்கு உண்டு. கிஸ்ஸிக்கு நல்லது செய்கிறவர்கள் எல்லாரும் வீடு வாசல் உள்ளவர்கள்: ஓய்வுபெற்ற கடற்படை அட்மிரல், நீதிமன்றத்தில் நீதிபதியாக உட்காரும் ஒலிவியா புரூக் அம்மையார். ரோமானிப் பெரியவர் ஒருவராவது அவளுக்காக எழுந்து நின்று பேசியிருக்க வேண்டும். உங்களுக்கு ஆறுதல் தந்த முடிவு எனக்கு உறுத்துவது இதனால்தான். இருந்தும் நூலை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘டிடகோய்’ என்பது முழு ரோமானி அல்லாதவர்களைக் குத்திச் சொல்வது. இந்தப் பக்கமும் சேராத, அந்தப் பக்கமும் சேராத பிள்ளையின் தவிப்பு காடனுக்கு நன்றாகத் தெரியும். 1907இல் சஸெக்ஸில் பிறந்தாலும் அவர் வளர்ந்தது இன்றைய வங்கதேசத்தின் நாராயண்கஞ்ச்சில். கல்கத்தாவில் நடனப் பள்ளி நடத்தியபோது கலப்பினப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்து வெள்ளைக்காரர்களின் முகச்சுளிப்பை வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவருடைய ‘தி ரிவர்’ நாவலை பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 1951இல் படமாக்கியபோது, மூல நூலில் இல்லாத மெலனி என்ற பெண்ணை இருவரும் சேர்ந்து திரைக்கதையில் உண்டாக்கினார்கள். அவள் பாதி ஆங்கிலேயர், பாதி இந்தியர். நடித்தவர் நம் அடையாற்றுக்காரர், கலாக்ஷேத்ராவில் பரதம் பயின்ற ராதா. பின்னாளில் ராதா பர்னியராக 1980 முதல் பிரம்மஞான சபைக்குத் தலைவராக இருந்தவர் அவரே. அந்தப் படத்தில் அவர் ஆடுகிற இடத்தை ஒருமுறையாவது பாருங்கள். அடவு சுத்தம் என்றால் அதுதான்.

உங்கள் கேள்வி வயதைப் பற்றியது. அதற்குப் பதிலாக ஒரு வழக்கைச் சொல்கிறேன். செக் நாட்டின் ஓஸ்ட்ராவா நகரில் ரோமா (அங்கத்து ஜிப்சிகள்) குழந்தைகளைக் கூட்டம் கூட்டமாக மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான பள்ளிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1999இல் அந்நகரத்து ரோமா மாணவர்களில் 50.3 சதவீதம் அந்தப் பள்ளிகளில் இருந்தார்கள் என்றும், மற்றவர்களில் அது 1.8 சதவீதம் என்றும் வழக்குத் தொடுத்தவர்கள் கணக்குக் காட்டினார்கள். வழக்குத் தொடுத்தவர்கள் 18 பிள்ளைகள், 1985க்கும் 1991க்கும் இடையில் பிறந்தவர்கள். 2006இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்களைக் கைவிட்டது. 2007 நவம்பரில் அதன் பேரமர்வு (கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வு) 13க்கு 4 என்ற வாக்கில் இது பாகுபாடுதான் என்று தீர்ப்பளித்தது. தலைக்கு 4,000 யூரோ இழப்பீடு. அந்த வகுப்பறைகளில் உட்கார வைக்கப்பட்டபோது அவர்களில் பலருக்கு உங்கள் மகளின் வயதுதான். இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டாம்.